படகை நிறுத்தப் பழகுங்கள்: பாய் சுருக்கலும், கடலில் விழுந்தவரை எடுப்பதும்

பாய்மரப் படகுக்குப் பிரேக் கிடையாது. புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் வாரத்திலேயே படகை ஓட்டிவிடுவார்கள். பாயை ஏற்றிக் கயிற்றை இழுத்தால் அது தானாகவே ஓடும். ஓடுகிற படகை நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்கத்தான் கை பழகாது. காற்று கூடும்போது பாயின் பரப்பைக் குறைப்பது (ரீஃபிங் என்பார்கள், நாம் பாய் சுருக்கல் என்போம்), தவறி விழுந்தவரிடம் திரும்பிப் போய் அவரைத் தூக்குவது, இந்த இரண்டையும் பயிற்சி வகுப்பில் தனித்தனிப் பாடமாக நடத்துவார்கள். அடியில் இருக்கும் வித்தை ஒன்றுதான்: பாயிலிருந்து காற்றை வெளியே விட்டு, படகை நடைவேகத்துக்கும் கீழே கொண்டுவந்து, அங்கேயே பிடித்து வைப்பது. அதனால் இந்தக் கட்டுரையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

இங்கே மனதில் வைத்திருக்கும் படகு 24 முதல் 30 அடி நீளம். ஒரே பாய்மரம், ஒரு பெரிய பாய், ஒரு முன்பாய், அடியில் கனமான கீல், பின்னால் ஒரு சிறிய என்ஜின், மூன்று நான்கு பேர். கவிழ்ந்தால் நீங்களே நிமிர்த்திக்கொள்ளும் சிறு டிங்கிகளுக்குச் சில விதிகள் மாறும்.

சில சொற்களைச் சொல்லிவிடுவோம். பாயை மேலே ஏற்றும் கயிறு ஹால்யார்ட். பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் பயன்படும் கயிறு ஷீட். தோணிக்காரர்களின் பழைய தமிழில் முதலாவதற்கு ஆஞ்சான் என்றும் இரண்டாவதற்குத் தாமான் என்றும் பெயர் உண்டு. இன்று படகு கிளப்பில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது, அதனால் ஆங்கிலப் பெயர்களையே வைத்துக்கொள்வோம். பெரிய பாயின் அடிப்பக்கம் படுத்திருக்கும் கட்டை பூம். பூமைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிப்பது வேங். பூமின் பின்நுனி விழாமல் பாய்மர உச்சியிலிருந்து தாங்குவது டாப்பிங் லிஃப்ட். காற்று வந்து மோதும் பக்கத்தைக் காற்றுப் பக்கம் என்றும், அதற்கு எதிர்ப்பக்கத்தை மறைவுப் பக்கம் என்றும் சொல்வோம். திசையைச் சொல்லும்போது 'மேலே' என்றால் காற்று வரும் திசையை நோக்கி, 'கீழே' என்றால் அது போகும் திசையை நோக்கி.

பிரேக் இருக்கும் இடம்

காற்று கடிகாரத்தின் 12 மணியிலிருந்து வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நேராக 12-ஐப் பார்த்துப் படகு போகாது. சுமார் 45 பாகை விலகினால் போகும். அது குளோஸ் ஹால்டு. 90 பாகையில், காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, பீம் ரீச். இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 60 பாகையில் இருப்பது குளோஸ் ரீச். உங்கள் பிரேக் இந்த 60 பாகையில்தான் இருக்கிறது.

காரணம் எளிது. குளோஸ் ரீச்சில் ஷீட்டை விட்டால் பூம் வெளியே போய்க் காற்றின் திசையிலேயே நின்றுவிடும், பாய் கொடிபோலப் படபடக்கும், தள்ளுவிசை போய்விடும். பீம் ரீச்சிலோ அதற்கும் கீழேயோ ஷீட்டை முழுவதும் விட்டாலும் பூம் போய்ப் பக்கக் கம்பியில் (பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பி) முட்டி நின்றுவிடும். பாயில் காற்று நிறைந்தே இருக்கும், படகு ஓடிக்கொண்டே இருக்கும். நேர் 12 மணிக்குத் திருப்பினால் படகு நிற்கும், ஆனால் சுக்கானுக்குத் தண்ணீர் ஓட்டம் இல்லாமல் திசை கட்டுப்படாது. சில வினாடிகளில் அணியம் (படகின் முன்முனை) தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு பக்கம் விழும். குளோஸ் ரீச்சில் மட்டுமே நிற்கவும் முடியும், வேண்டும்போது அரை முழம் கயிற்றை இழுத்து மறுபடி நகரவும் முடியும்.

8 முதல் 12 நாட் காற்றில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்), ஒரு மிதவையைப் போட்டுவிட்டு இதை மட்டும் 20 நிமிடம் செய்யுங்கள். ஷீட்டை விட்டு ஒரு நாட் வேகத்துக்கு இறங்குங்கள், கொஞ்சம் இழுங்கள், மறுபடி விடுங்கள். மிதவையைக் கையால் தொடும் அளவுக்கு வந்து நிற்க வேண்டும். இது வராமல் அடுத்த பகுதிகளுக்குப் போவதில் பயனில்லை.

இன்னொன்று, வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவது மாதிரி: ஹீவ் டு. குளோஸ் ஹால்டில் போய்க்கொண்டிருக்கும்போது மெதுவாக டாக் செய்யுங்கள், அதாவது அணியத்தைக் காற்றுக்கு ஊடாக மறுபக்கம் திருப்புங்கள். ஆனால் முன்பாயின் ஷீட்டை அவிழ்க்காதீர்கள். முன்பாய் இப்போது தவறான பக்கத்தில் காற்றை வாங்கி அணியத்தைக் கீழே தள்ளும். டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைக்கட்டை) மறைவுப் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டால் சுக்கான் அணியத்தை மேலே தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ள, படகு ஒன்றிரண்டு நாட் வேகத்தில் பக்கவாட்டில் நகர்ந்தபடி அமைதியாகிவிடும். பெரிய பாயின் ஷீட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் இன்னும் அடங்கும். பாய் சுருக்க, சாப்பிட, வரைபடம் பார்க்க, வாந்தி எடுப்பவரைக் கவனிக்க என எல்லாவற்றுக்கும் இதுதான் இடம். சக்கரச் சுக்கான் இருந்தால் சக்கரத்தைக் காற்றுப் பக்கம் முழுவதும் திருப்பிப் பூட்ட வேண்டும். டில்லரில் பழகியவர்கள் இதில் தடுமாறுவார்கள்.

எப்போது சுருக்குவது

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றது களத்துமேட்டில் நெல் தூற்றுகிறவருக்கு. பாய்க்காரருக்கு அது பொருந்தாது. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 10 நாட் 14 ஆனால் பாயின் மேல் விழும் சுமை இரட்டிப்பு. 20 ஆனால் நான்கு மடங்கு. நான்கு நாட் கூடியதை முகத்தில் அவ்வளவாக உணர மாட்டீர்கள். படகு உணரும்.

இந்த அளவுள்ள படகுகளில் காற்றை எதிர்த்துப் போகும்போது 15 முதல் 18 நாட்டில் முதல் ரீஃப், 20 முதல் 24-இல் இரண்டாவது ரீஃப் என்பது ஒரு தொடக்கக் கணக்கு. படகுக்குப் படகு இது மாறும். காற்றுமானி இல்லாவிட்டாலும் படகே சொல்லிவிடும்: சாய்வு 20, 25 பாகையைத் தாண்டும், மறைவுப் பக்கத்து விளிம்பு தண்ணீரில் உரசும், டில்லரை நெஞ்சு வரைக்கும் இழுத்துப் பிடித்தாலும் அணியம் காற்றை நோக்கித் திமிறும். அந்தத் திமிறலைப் பலர் 'படகு நன்றாக ஓடுகிறது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சுக்கான் குறுக்கே நின்று தண்ணீரை உழுதுகொண்டிருக்கிறது. முதல் ரீஃப் போட்டதும் சாய்வு குறைந்து, வேகம் அப்படியே இருக்கும், சில நேரம் கூடவும் செய்யும்.

காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகும்போதுதான் பெரிய ஏமாற்று. 18 நாட் காற்றில் 6 நாட் வேகத்தில் அதோடு சேர்ந்து ஓடினால் உங்கள் காதில் விழுவது 12 நாட்தான். வெயில் இதமாக இருக்கும், எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். திரும்பி வர அணியத்தைக் காற்றுக்குத் திருப்பும்போது அதே காற்று 22, 23 நாட்டாக முகத்தில் அறையும். அதனால் காற்றோடு போகும்போது, 'இப்போதே திரும்ப வேண்டியிருந்தால் இந்தப் பாய் தாங்குமா?' என்று கால்மணிக்கொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைக் கடலில் பிற்பகல் கடற்காற்று படிப்படியாக ஏறும், நேரம் கொடுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் நிலத்திலிருந்து, மேற்கேயிருந்து வரும் இடிமழை அப்படி நேரம் கொடுக்காது. கரைப்பக்கம் கருத்த மேகம், திடீரென்று செத்துப்போகும் கடற்காற்று, பிறகு சில்லென்ற ஒரு வீச்சு. அந்த அமைதியிலேயே ரீஃப் போட்டிருக்க வேண்டும். சிங்கப்பூர், மலாக்கா நீரிணைப் பக்கம் பழகுகிறவர்களுக்கு 'சுமத்ரா' புயல்வரிசை: ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிலிருந்து நண்பகலுக்குள், மேற்கேயிருந்து வரும், வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும், அதாவது 22 முதல் 43 நாட். அடிவானத்தில் தண்ணீர் வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் அது உங்களை அடையப் பல நிமிடங்கள்கூட ஆகாது. அப்போது ரீஃப் எத்தனை என்று யோசிக்காமல் பெரிய பாயை முழுவதும் இறக்கிக் கட்டிவிடுவதே மேல்.

பாய் சுருக்கும் முறை

பெரிய பாயில் அடிவிளிம்புக்கு மேலே, முன்னும் பின்னும் ஒவ்வொரு உலோக வளையம் இருக்கும். அந்த இரண்டும்தான் சுருக்கிய பாயின் புதிய மூலைகள். முன்வளையம் பூம் தொடங்கும் இடத்திலுள்ள கொக்கியில் மாட்டும். பின்வளையம் ரீஃப் கயிற்றால் பூமை நோக்கிக் கீழேயும் பின்னேயும் இழுபடும். நடுவில் உள்ள சிறு துளைகள் தொங்கும் துணியைக் கட்டிவைக்க மட்டுமே, அவை பாரம் தாங்காது. இந்த ஒரு செய்தியை மறந்ததால் கிழிந்த பாய்கள் ஏராளம்.

கரையிலேயே செய்ய வேண்டிய ஒன்று: படகு கட்டியிருக்கும்போது, காற்றில்லாத காலையில், ரீஃப் போட்டுப் பாருங்கள். முன்வளையம் கொக்கியில் சரியாக விழும் நிலையில் ஹால்யார்ட் எந்த இடத்தில் கிளட்ச்சுக்குள் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கருவி) நுழைகிறதோ, அங்கே அழியாத மையால் ஒரு கோடு போடுங்கள். இரண்டாவது ரீஃபுக்கு இரண்டு கோடு. கடலில் 'இன்னும் கொஞ்சம் இறக்கு, ஐயோ அதிகம்' என்று கத்துவது பாதியாகக் குறையும்.

கடலில், வரிசை இது:

1. எல்லோரும் லைஃப் ஜாக்கெட், பாய்மரத்துக்குப் போகிறவர் பாதுகாப்பு வாரை மாட்டிக்கொள்ள வேண்டும். போகிறவர் படகைத் திருப்பச் சொல்லும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

2. குளோஸ் ரீச்சுக்கு வாருங்கள், அல்லது ஹீவ் டு செய்யுங்கள். முன்பாய் கொஞ்சம் காற்று வாங்கிக்கொண்டு இருக்கட்டும், அது படகை நிலையாக வைத்திருக்கும்.

3. டாப்பிங் லிஃப்டை இறுக்கிப் பூமின் பாரத்தை அதன்மேல் ஏற்றுங்கள். (பூமைக் கீழிருந்து முட்டுக்கொடுக்கும் கெட்டி வேங் இருந்தால் இது தேவையில்லை.)

4. வேங், பெரிய பாயின் ஷீட் இரண்டையும் விடுங்கள். பாய் முழுவதும் படபடக்க வேண்டும்.

5. ஹால்யார்டைக் கோடு வரை இறக்குங்கள். பாய்மரத்தில் நிற்பவர் துணியைக் கீழே இழுத்து முன்வளையத்தைக் கொக்கியில் மாட்டுகிறார். மாட்டியதும் 'மாட்டியாச்சு' என்று உரக்கச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது.

6. ஹால்யார்டை மறுபடி இறுக்குங்கள். பாய்மரத்தை ஒட்டிய விளிம்பில் நெடுக ஒரு மடிப்பு தெரிகிற அளவுக்கு, வழக்கத்தைவிட அதிகமாகவே.

7. இப்போதுதான் பின்மூலையின் ரீஃப் கயிறு. விஞ்ச்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) போட்டு, பின்வளையம் பூமோடு ஒட்டி, பாயின் அடிப்பக்கம் பலகைபோலத் தட்டையாகும் வரை.

8. டாப்பிங் லிஃப்டைத் தளர்த்தி, ஷீட்டை இழுத்து, கடைசியாக வேங். படகு மறுபடி ஓடத் தொடங்கும்.

9. தொங்கும் துணியைச் சிறு கயிறுகளால் தளர்வாகச் சுருட்டிக் கட்டுங்கள், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக. இதைச் செய்யாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. பார்வையை மறைத்தால் மட்டும் செய்யுங்கள்.

பழகிய இருவருக்கு இது இரண்டு மூன்று நிமிட வேலை. பத்து நிமிடம் ஆகிறதென்றால் எங்கோ ஒரு கயிற்றை விட மறந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் வேங். அது இறுகியிருந்தால் பூம் மேலே எழாது, பின்வளையம் கீழே வராது. விஞ்ச்சைப் பலங்கொண்டு சுற்றினால் வளையம் துணியோடு பிய்ந்து வரும். முன்மூலைக்கு முன்பே பின்மூலையை இறுக்கினாலும் இதே கதிதான். டாப்பிங் லிஃப்டை மறந்தால் ஹால்யார்டை இறக்கியதுமே பூம் பின்பக்கம் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழும். கொக்கியில் மாட்டிய வளையம் ஹால்யார்ட் இறுகும் முன் கழன்று விழுவதும் அடிக்கடி நடப்பது. அந்தச் சில வினாடிகள் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காற்றோடு ஓடிக்கொண்டே ரீஃப் போட முயலாதீர்கள். பாய் பக்கக் கம்பிகளில் அழுந்திக் கிடக்கும். ஹால்யார்டை விட்டாலும் கீழே இறங்காது, பாயைப் பாய்மரத் தண்டவாளத்தோடு இணைக்கும் நழுவிகள் சிக்கிக்கொள்ளும்.

ரீஃபை எடுக்கும்போது வரிசையைத் திருப்புங்கள்: முதலில் நடுக் கயிறுகள் எல்லாவற்றையும் அவிழ்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று மிச்சமிருந்து ஹால்யார்டை ஏற்றினால் அந்தச் சிறு துளை முழுப் பாயின் பாரத்தையும் வாங்கிக் கிழியும். மூன்று பேர் இருந்தால் மூன்று பேரும் எண்ணலாம், தப்பில்லை.

முன்பாயைச் சுருட்டும் உருளை இருந்தால் வேலை எளிது. ஷீட்டை ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக விட, இன்னொருவர் சுருட்டும் கயிற்றை இழுக்க வேண்டும். ஷீட்டை ஒரேயடியாக விட்டுவிட்டால் பாய் அடித்துக்கொண்டு, ஷீட்டுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். கயிறு திடீரென்று நகராவிட்டால் விஞ்ச்சில் போட்டு இழுக்காமல் மேலே பாருங்கள். ஹால்யார்ட் உச்சியில் சுற்றிக்கொண்டிருக்கலாம். இழுத்தால் கம்பியே அறும். பாதி சுருட்டிய பாய்க்கு ஷீட் போகும் கப்பியை முன்னே நகர்த்தவும் மறக்காதீர்கள், இல்லையென்றால் பாயின் மேல்பாதி வீணாகப் படபடக்கும்.

விழாமல் இருப்பது

விழுந்தவரை எடுப்பதைவிட விழாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவோ சுலபம். பாய் சுருக்கியதும் பாதி வேலை முடிந்தது. சாயாத, குதிக்காத படகிலிருந்து ஆட்கள் அரிதாகவே விழுகிறார்கள். ஆண்கள் படகு விளிம்பில் நின்று சிறுநீர் கழிப்பதையும் நிறுத்த வேண்டும். உள்ளே கழிப்பறை இருக்கிறது, இல்லையென்றால் வாளி இருக்கிறது.

பாதுகாப்பு வாரின் கொக்கியை மாட்ட, அணியத்திலிருந்து பின்புறம் வரை இரு பக்கமும் தட்டையான பட்டையை, சுமார் 2 டன் இழுவிசை தாங்கும் பாலியெஸ்டர் பட்டையை, இறுகக் கட்டுங்கள். உருண்டைக் கயிறு வேண்டாம். அதன்மேல் கால் வைத்தால் உருண்டு, விழ வைப்பதே அதுவாகிவிடும். பாதுகாப்பு வாரில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று இரண்டு நீளம் இருந்தால் குறுகியதையே பயன்படுத்துங்கள். வாரின் வேலை உங்களைப் படகுக்குள்ளேயே பிடித்து வைப்பது. விளிம்புக்கு வெளியே தண்ணீரில் இழுபட வைப்பது அல்ல. 6 நாட் வேகத்தில் முகம் தண்ணீரில் இழுபட்டால் வாரோடு இருந்தே மூழ்கலாம். கொக்கி எங்கே கிடக்கிறது என்பதையும் பாருங்கள். 2017 நவம்பரில் கிளிப்பர் உலகச் சுற்றுப் போட்டியில் ஒருவரின் வார்க்கொக்கி தளத்திலிருந்த, கயிறு கட்டும் கிளீட்டின் அடியில் சிக்கி, பக்கவாட்டுச் சுமையில் வளைந்து திறந்துகொண்டது, அவர் உயிரிழந்தார். கொக்கி நேராக இழுபடும்போதுதான் அதன் முழு வலிமையும் கிடைக்கும்.

திறந்த கடலுக்கு 150 நியூட்டன் மிதப்பு விசையுள்ள லைஃப் ஜாக்கெட். 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரையோரத்துக்கு, மயங்கினால் முகத்தை அது திருப்பாது. காற்றடைக்கும் வகையாக இருந்தால் உள்ளே வழக்கமாக 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு உருளை இருக்கும். உருளையின் மேல் மொத்த எடை பொறிக்கப்பட்டிருக்கும். சமையலறைத் தராசில் வைத்து ஒப்பிட்டால் கசிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். உப்பு மாத்திரை கரைந்து வெடிக்கும் வகைகள் நம் கடற்கரை ஈரப்பதத்தில் அலமாரியிலேயே வெடிப்பதுண்டு. மாத்திரையின் காலாவதித் தேதியைப் பாருங்கள். தொடையிடை வாரைக் கட்டாமல் விட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே போகும், ஆள் கீழே போவார். அசிங்கமாக இருக்கிறதென்று அதைத்தான் எல்லோரும் முதலில் வெட்டி எறிகிறார்கள்.

விழுந்துவிட்டால்: முதல் பத்து வினாடி

6 நாட் என்றால் வினாடிக்கு 3 மீட்டர். பத்து வினாடி திகைத்து நின்றால் 30 மீட்டர் தள்ளி வந்துவிடுவீர்கள். ஒரு நிமிடத்தில் 185 மீட்டர். ஒரு மீட்டர் அலையில் மனிதத் தலை தேங்காய் அளவுக்குத்தான் தெரியும், அதுவும் அலை உச்சியில் இருக்கும்போது மட்டும்.

பார்த்தவர் 'ஆள் விழுந்தாச்சு!' என்று கத்த வேண்டும், எந்தப் பக்கம் என்றும் சேர்த்து. கையில் கிடைக்கும் மிதப்பதை எல்லாம் எறியுங்கள்: குதிரைலாட மிதவை, மெத்தை, பந்து மிதவை. அவருக்கு எட்டாவிட்டாலும் கடலில் ஒரு அடையாளமாவது இருக்கும். ஒருவர் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். 'அந்தக் கயிற்றைக் கொஞ்சம் பிடி' என்று ஒருமுறை சொன்னால் போதும், திரும்பிப் பார்க்கும்போது கடல் மட்டும்தான் இருக்கும். ஜிபிஎஸ்ஸில் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் பொத்தானை அழுத்துங்கள். ஆட்கள் குறைவென்றாலோ, இருட்டென்றாலோ, பார்வையிலிருந்து மறைந்துவிட்டாலோ அப்போதே படகின் விஎச்எஃப் வானொலியில் 16-ஆம் சேனலில் மேடே (உயிராபத்து அழைப்பு) சொல்லுங்கள்: மூன்று முறை மேடே, படகின் பெயர், இருக்கும் இடம், நடந்தது, படகில் எத்தனை பேர். பிறகு கிடைத்துவிட்டால் அழைப்பை ரத்து செய்யலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். இந்தியக் கரையில் தொலைபேசி எட்டும் தூரமென்றால் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554.

இவை நடக்கும்போதே டில்லரில் இருப்பவர் படகைத் திருப்பத் தொடங்கியிருக்க வேண்டும்.

திரும்பிப் போவது

முறைகள் பல. புதியவர்கள் முதலில் எட்டு வடிவத்தைப் பழகுவது நல்லது. அதில் ஜைப் இல்லை, அதாவது படகின் பின்புறத்தைக் காற்றுக்கு ஊடாகத் திருப்புவதும், அப்போது பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பலமாக அடித்துப் பறப்பதும் இல்லை.

ஆள் விழுந்ததும் பீம் ரீச்சுக்கு வாருங்கள். ஐந்தாறு படகு நீளம் போங்கள், அதற்குமேல் போகாதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் இருபது நீளம் போய்விடுகிறார்கள். டாக் செய்யுங்கள், முன்பாயைப் படபடக்க விட்டுவிடலாம். இப்போது வந்த வழியே நேராகத் திரும்பாதீர்கள். அப்படி வந்தால் பீம் ரீச்சில் அவரை அடைவீர்கள், முன்பே பார்த்தபடி அங்கே பிரேக் இல்லை. அதனால் கொஞ்சம் கீழே, காற்று போகும் திசையில் இரண்டு படகு நீளம் விலகி வந்து, பிறகு அணியத்தை அவரை நோக்கி மேலே திருப்புங்கள். அதுதான் குளோஸ் ரீச்.

திருப்பியதும் ஒரு சோதனை. ஷீட்டை முழுவதும் விடுங்கள். பெரிய பாய் படபடக்கிறதா? சரியான கோணத்தில் இருக்கிறீர்கள். இன்னும் காற்றோடு நிறைந்திருக்கிறதா? நீங்கள் அதிகம் மேலே இருக்கிறீர்கள். சில வினாடிகள் அணியத்தைக் கீழே விட்டு, மறுபடி அவரை நோக்கித் திருப்பிச் சோதியுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் போய், கையெட்டும் தூரத்தில் நான்கு நாட் வேகத்தில் கடந்து போவதுதான் பயிற்சிகளில் மிக அதிகம் நடக்கும் தவறு. பிறகு முதல் பகுதியில் பழகிய அதே வேலை: கொஞ்சம் இழு, விடு, இழு, விடு. கடைசி ஒரு படகு நீளத்தில் வேகம் ஒரு நாட்டுக்கும் கீழே இருக்க வேண்டும்.

அவர் மறைவுப் பக்கம், பக்கக் கம்பிகளின் அருகே வருமாறு நிறுத்துங்கள். படகு அவரை நோக்கியே மெல்ல நகரும், விளிம்பும் தண்ணீருக்கு அருகே இருக்கும். காற்றுப் பக்கம் நிறுத்தினால் படகு அவரைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும். பெரிய அலையில் படகு அவர்மேல் ஏறிவிடும் அபாயம் உண்டு என்பதும் உண்மைதான். அப்போது சற்றுத் தள்ளி நின்று கயிறு எறிவதே சரி. டிங்கியில் மட்டும் காற்றுப் பக்கமாக எடுப்பார்கள். மறைவுப் பக்கம் எடுத்தால் கவிழும்.

எட்டு வடிவம் பழகியபின் விரைவு நிறுத்தம் கற்றுக்கொள்ளுங்கள். ஆள் விழுந்த கணமே, முன்பாய் ஷீட்டை அவிழ்க்காமல் டாக் செய்வது. முன்பாய் பின்புறமாகக் காற்று வாங்கிப் படகை அங்கேயே அடக்கிவிடும். அவரைச் சுற்றிக் கீழே வந்து, முன்பாயைச் சுருட்டி, ஜைப் செய்து, கீழிருந்து குளோஸ் ரீச்சில் ஏறி வர வேண்டும். ஜைப் செய்யும்போது பெரிய பாயின் ஷீட்டை நடுவே இழுத்துப் பிடித்திருங்கள். அவரைவிட்டு ஒருபோதும் தூரம் போவதில்லை என்பதே இதன் பெரிய இலாபம். இருட்டில் இதைவிட நல்லது இல்லை.

என்ஜின் உதவும், ஆனால் மூன்று நிபந்தனையோடு. கியர் போடும் முன் பக்கத்துக்கு ஒருவர் பார்த்து, தண்ணீரில் எந்தக் கயிறும் தொங்கவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும்; ப்ரொப்பெல்லரில் ஷீட் சுற்றிக்கொண்டால் என்ஜினும் போச்சு, பாயும் போச்சு. அவர் அருகில் வந்ததும் நியூட்ரல். கயிற்றால் பிடித்ததும் என்ஜினையே அணைத்துவிடுங்கள்.

தூக்குவது

பிடித்தாகிவிட்டது என்று மூச்சுவிடும் இடத்தில்தான் கஷ்டமே தொடங்குகிறது. தண்ணீர் மட்டத்திலிருந்து விளிம்பு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். நனைந்த உடையோடு, களைத்த, கால் வைக்க இடமில்லாத 80 கிலோ மனிதரை இரண்டு பேர் கையால் தூக்க முடியாது. முயன்றால் இரண்டாவது ஆளும் உள்ளே விழுவார். உதவக் குதிக்கவும் கூடாது.

முதலில் அவரைப் படகோடு கட்டுங்கள். மார்பைச் சுற்றி, அக்குளுக்குக் கீழே கயிற்று வளையம், பவ்லைன் முடிச்சு. அல்லது லைஃப் ஜாக்கெட்டின் தூக்கு வளையத்தில் கொக்கி. அதற்குப்பிறகு அவசரமில்லை. அவர் தெளிவாக இருந்து, கடலும் அமைதியாக இருந்தால் பின்பக்க ஏணி போதும். அலை இருந்தால் பின்பக்கம் போகாதீர்கள், மேலும் கீழும் மோதும் படகின் பின்புறம் தலையை உடைத்துவிடும்.

ஏணி உதவாதபோது, கையில் இருக்கும் ஒரு ஹால்யார்டைத் தூக்கு வளையத்தில் மாட்டி விஞ்ச்சில் சுற்றுங்கள். விளிம்பைச் சுற்றியுள்ள வேலிக் கம்பிக்கு மேலே அவர் ஏறும் அளவு ஹால்யார்டின் கோணம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். விஞ்ச் சிறியதென்றால் நான்கு மடங்குக் கப்பித் தொகுப்பு ஒன்றைத் தனிப்பையில் தயாராக வையுங்கள்: மேல்முனையை ஹால்யார்டில் கட்டி ஆளுயரத்துக்கு மேலே ஏற்றிவிட்டு, கீழ்முனையை அவரில் மாட்டி, இழுக்கும் நுனியை விஞ்ச்சுக்குக் கொண்டுபோனால் ஒருவரே தூக்கலாம். மயங்கியவருக்கு இன்னொரு வழி: முக்கோணச் சிறு பாய் ஒன்றின் ஒரு பக்கத்தை விளிம்பில் கட்டி, அதன் தொட்டிலில் அவரைப் படுக்க வைத்து, எதிர்மூலையை ஹால்யார்டால் இழுத்தால் பாய்க்குள் உருண்டபடி மேலே வருவார். நீண்ட நேரம் தண்ணீரில் கிடந்தவரைக் கூடியவரை இப்படிப் படுத்த நிலையிலேயே தூக்க வேண்டும். நேராக நிறுத்தித் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து, காப்பாற்றிய பிறகும் இதயம் நின்றுபோகலாம்.

ஏறியதும் ஈர உடையைக் கழற்றிப் போர்த்துங்கள், படுக்க வையுங்கள். நம் கடலில் தண்ணீர் 28 பாகை இருந்தாலும் உடல் 37 பாகை. மணிக்கணக்கில் கிடந்தால் குளிர்ந்துதான் போவார். மதுபானம் கொடுக்காதீர்கள். கடல்நீரை உள்ளிழுத்து இருமியவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் கரையேறியதும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரல் சிக்கல் சில மணி நேரம் கழித்துத்தான் வெளிப்படும்.

பழகுவது

பயிற்சிக்கு மனிதரைப் போடாதீர்கள். ஒரு ஃபெண்டரை (துறைச் சுவரில் உரசாமல் படகின் பக்கத்தில் தொங்கவிடும் காற்றடைத்த பை) எடுத்து, கீழே சிறு வாளியைக் கட்டுங்கள். வாளியில் தண்ணீர் நிரம்பி, காற்றில் அடித்துப் போகாமல் மனிதரைப்போலவே நகரும். ஃபெண்டரை எறியப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லாமல் எறியுங்கள். ஒவ்வொரு பக்கமும் பத்துப் பத்து தடவை, வேறு வேறு ஆட்கள் டில்லரில். அனுபவசாலி மட்டுமே மீட்கத் தெரிந்த படகில் அந்த அனுபவசாலி விழுந்தால் என்ன செய்வது? அதனால் அவரைக் கையைக் கட்டி உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் செய்யட்டும், அவர் வாயையும் மூடியிருக்க வேண்டும். அதுதான் அவருக்குக் கடினமான பயிற்சி.

தூக்குவதைத் துறைமுகத்துக்குள், நங்கூரமிட்டு, என்ஜின் அணைத்து, லைஃப் ஜாக்கெட் போட்ட ஒருவரைத் தண்ணீரில் இறக்கிச் செய்து பாருங்கள். ஹால்யார்ட் எட்டவில்லை, கொக்கி சிறியது, வேலிக் கம்பி இடிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வேலிக் கம்பியை நுனியில் கயிற்றால் கட்டி வைத்திருந்தால் கத்தியால் அறுத்துத் தாழ்த்திவிடலாம். அந்தக் கத்தி எங்கே இருக்கிறது என்பதையும் அன்றே எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.